சுன்னத்துக்குப் பிறகு ஆறு வாரம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)





இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம். பள்ளிவாசல் பலகையில் 'உடல்நலம் குறித்த உரை' என்று மட்டும் எழுதிப் போட்டோம். முழுத் தலைப்பையும் எழுத எங்களுக்கே கை வரவில்லை. வயது வந்த ஆண்களுக்கு சுன்னத் செய்த பிறகு அந்தக் காயம் ஆறுவதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பெண்கள் எழுந்து போக வேண்டியதில்லை. வீட்டில் ஓர் ஆண் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதும் நீங்கள்தானே. அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் மார்க்கத்தைத் தெரிந்துகொள்ளத் தடையாக இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் பேசுகிறோம்.

சுன்னத் நமக்குத் தெரியாத சங்கதியா என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்பு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் இந்து நண்பர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். முன்தோல் இறுகிப்போய், அடிக்கடி புண்ணாகி, டாக்டர் அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். "பாய், இந்த விஷயத்துல உங்க ஆளுங்களைவிட அனுபவசாலி யாரு? எத்தனை நாள்ல கடைக்கு வரலாம்? வண்டி ஓட்டலாமா? ராத்திரி வலிக்குமா?" என்று வரிசையாகக் கேட்டார். அலுவலகத்தில் அப்போது நான்கு பேர் இருந்தோம். நான்கு பேருக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்குச் செய்தபோது ஆறு வயது, ஏழு வயது. புதுச் சட்டை, கழுத்தில் மாலை, சொந்தக்காரர்கள் கையில் வைத்த காசு, நெய்ச்சோறு. அதுதான் ஞாபகம் இருக்கிறது. காயம் எப்படி ஆறியது என்று கேட்டால், உம்மாவுக்குத்தான் தெரியும்.

குழந்தைக்கு ஒரு வாரம், பத்து நாளில் ஓடி விளையாடுகிற அளவுக்கு ஆறிவிடுகிறது. அந்த அளவை வைத்துக்கொண்டே நாம் 25 வயதுக்காரருக்கும் 50 வயதுக்காரருக்கும் யோசனை சொல்கிறோம். பெரியவர்களின் உடம்பு வேறு. ரத்தக்குழாய்கள் பெரியவை, தையல் போட வேண்டும், தூக்கத்தில் உறுப்பு தானாக விறைக்கும், தையல் இழுபடும். அவர் வேலைக்குப் போக வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், மனைவி இருப்பார் அல்லது நிக்காஹ் பேசியிருப்பார்கள். இத்தனையும் அந்தக் காயத்தின் மேல் வந்து உட்காருகின்றன.

நம் அறக்கட்டளையின் வழியாக இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சகோதரர்கள். சிறு வயதில் வீட்டு நிலைமையாலோ உடல்நிலையாலோ விட்டுப்போன நம் பிள்ளைகளும் உண்டு. சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு தம்பியின் விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். யார் என்று யாரும் துருவவும் வேண்டாம்.

தம்பி கலிமா சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. மாடியில் ஓர் ஒற்றை அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். நம் ஜமாஅத்திலேயே பெண் பார்த்து நிக்காஹ் நாளும் குறித்தாயிற்று. அதற்கு முன் சுன்னத்தை முடித்துவிடலாம் என்று நாங்கள்தான் ஏற்பாடு செய்தோம். வியாழக்கிழமை காலையில் சிகிச்சை. அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். எண்ணிப் பாருங்கள், பத்தே நாள். அந்தக் கணக்கைப் போட்டது நாங்கள். கூட்டத்தில் ஒருவர்கூட 'போதுமா' என்று கேட்கவில்லை.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. மதியம் ஆட்டோவில் கூட்டிவந்து, மாடி ஏற்றி, மாத்திரைகளையும் ஒரு பிரியாணிப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் ஜும்ஆ. சனிக்கிழமை ஒரு ஜனாஸா. ஞாயிறு வேறொரு வீட்டில் விசேஷம். நாளை போகலாம், நாளை போகலாம் என்று நாலு நாள் போய்விட்டது. தம்பியும் போன் செய்யவில்லை.

மூன்றாம் நாள் இரவு தூக்கத்தில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. நாங்கள் முன்பு கொடுத்திருந்த சிறு புத்தகத்தில் குளிப்பின் சட்டம் இருந்தது. உடலில் ஒரு முடி இடம்கூட நனையாமல் இருக்கக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. காயம் பட்டவருக்கு என்ன சட்டம் என்பது அதில் இல்லை. ஸுப்ஹுக்கு முன் எழுந்து, கட்டோடு தலை முதல் கால் வரை வாளி வாளியாக ஊற்றிக் குளித்துவிட்டுத் தொழுதிருக்கிறார். மாற்றிக் கட்ட வேறு துணி கையில் இல்லை. நனைந்த கட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் அதே நிலைமை, அதே குளிப்பு. திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை, மூன்று வேளை தேநீர் குடிக்க வருகிற பையனை இரண்டு நாளாகக் காணவில்லையே என்று டீக்கடைக்காரர் மாடி ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர்தான் நமக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் போனபோது உடம்பு அனலாகக் கொதித்தது. அறையில் வாடை. காயம் வீங்கிச் சிவந்து சீழ் வைத்திருந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். நிக்காஹ் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. பெண்ணின் அத்தாவிடம் நேரில் போய்ச் சொன்னோம். நல்ல மனிதர். "மாப்பிள்ளை முதல்ல எழுந்து நடக்கட்டும்" என்றார். இன்றைக்கு அந்தத் தம்பி நல்ல சுகமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் ஒரு போன் போடவில்லை என்று கேட்டோம். "இதை யார்கிட்ட, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை பாய். அதுவும் குளிப்புக் கடமையானதை எப்படிச் சொல்றது? தொழுகை விட்டுப்போயிடக் கூடாதேன்னு பயந்தேன்" என்றார்.

மதரஸாவில் நாம் ஓதிய ஹதீஸ் ஒன்று அன்றிலிருந்து எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் இருந்த ஒரு தோழருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையானது. எனக்குத் தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்று மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்பது அவர்கள் சொன்னதன் கருத்து. அந்தத் தோழராவது வாய் திறந்து கேட்டார். நம் தம்பிக்குக் கேட்க ஓர் ஆளைக்கூட நாம் வைத்திருக்கவில்லை.

அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். உளூவில் அந்த இடத்தைக் கழுவுவதில்லை. எனவே காயத்தால் உளூவுக்குச் சிரமம் எதுவும் இல்லை, வழக்கம்போல் செய்யலாம். குளிப்புக் கடமையானால், தண்ணீர் பட்டால் கெடும் என்று டாக்டர் சொல்லியிருக்கும் நாட்களில், காயமில்லாத இடங்களைக் கழுவிக்கொண்டு கட்டின் மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ள மார்க்கம் இடம் தருகிறது. ஹனஃபி மத்ஹபில் அந்த மஸ்ஹு போதும். ஷாஃபி மத்ஹபில் அதோடு தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். பிறகு தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பதிலும் மத்ஹபுக்கு மத்ஹபு விவரம் உண்டு. அதை நம் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். போனிலேயே கேட்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். கட்டில் ரத்தக் கசிவு தொடர்ந்து இருந்தால் அதற்கும் சலுகைச் சட்டம் இருக்கிறது, தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. சிறுநீர் கழித்தபின் காயத்தில் படும்படித் தண்ணீர் ஊற்ற முடியாவிட்டால், சுத்தமான டிஷ்யூ காகிதத்தால் ஒற்றித் துப்புரவு செய்துகொள்ளலாம். குனிந்து நிமிர முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். நோயாளிக்கு ஜும்ஆ கடமை இல்லை. ரமளானில் இந்தச் சிகிச்சையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. மாத்திரை நேரத்துக்குப் போட வேண்டும். நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பின்னால் களாச் செய்யக் குர்ஆனே அனுமதித்திருக்கிறது.

இனி காயத்துக்கு வருவோம். கீழே சொல்வது நம் டாக்டர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டது. உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஏதாவது மாற்றிச் சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

சிகிச்சைக்குப் போகும் முன்பே சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்க்கரை இருக்கிறதா, இதயத்துக்காக ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சிறு வெட்டுக்கும் ரத்தம் நிற்காத பழக்கம் உங்களுக்கோ குடும்பத்திலோ உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இவற்றை மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டர் சொல்லட்டும். சர்க்கரை ஏறியிருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கத்தி. இல்லாவிட்டால் காயம் ஆற நாளாகும், சீழும் சீக்கிரம் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் மரத்துப்போகும் ஊசியின் வேகத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தில் அது இறங்கும்போதுதான் வலி வரும். வலி வந்தபின் மாத்திரையைத் தேடாமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, கட்டு முழுவதும் நனைந்தாலோ, சுத்தமான பஞ்சுத் துணியை வைத்து விரல்களால் சுற்றிப் பிடித்துப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108 இருக்கிறது.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை வீக்கம்தான் எல்லாரையும் பயமுறுத்தும். தையலுக்குக் கீழே வளையம் போல் உப்பிக்கொள்ளும், சுற்றிலும் நீலம் பாரிக்கும். அது மெதுவாக வடிந்து, நீலம் மஞ்சளாகி மறையும். உறுப்பை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஓரளவு தாங்கலான உள்ளாடை அணிந்தால் வீக்கம் குறையும். வீட்டில் படுத்திருக்கும்போது கைலி போதும். மொட்டுப் பகுதி துணி பட்டாலே கூசும். இத்தனை நாள் தோலுக்குள் மறைந்திருந்த இடம் அல்லவா, இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். எரிகிறது என்று குடிக்காமல் இருந்தால் இன்னும்தான் எரியும்.

நான்கைந்து நாளில் காயத்தின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு படலம் படியும். பலர் இதைச் சீழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சகோதரர் பயந்துபோய் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் ரத்தம் வந்தது, அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாராம். அந்தப் படலம் உடம்பு தானே போட்டுக்கொள்ளும் போர்வை. வாடை இருக்காது. புதுத்தோல் வளர வளர உதிர்ந்துவிடும். சீழ் என்றால் கெட்ட வாடை இருக்கும், சிவப்பு நாளுக்கு நாள் பரவும், வலி குறையாமல் கூடும், காய்ச்சல் வரும். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், மொட்டு கறுத்தோ நீலமாகவோ சில்லென்று ஆனாலும், காயத்துக்கு அடியில் உருண்டையாக வீங்கி அது பெருத்துக்கொண்டே போனாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கட்டு இறுகியிருக்கலாம், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், ஸ்பிரிட், டெட்டால் இவை எதுவும் வேண்டாம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் துணியைச் சுட்டுச் சாம்பல் வைத்து எத்தனையோ பேருக்கு ஆறியிருக்கிறது, உண்மை. ஆறாமல் போனவர்களின் கதையை யாரும் விசேஷ வீட்டில் உட்கார்ந்து சொல்வதில்லை. டாக்டர் குளிக்கச் சொன்ன நாளிலிருந்து வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். தையல் நூல் தானாகக் கரைந்து விழுகிற வகையாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஸ்டேப்ளர் முறையில் செய்திருந்தால் பின்னும் அப்படியே மெல்ல உதிரும். எதையும் பிடித்து இழுக்கக் கூடாது.

இரவில் உறுப்பு விறைப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இளைஞர்கள் வெளியே சொல்லாமல் அதிகம் கஷ்டப்படுவது இதில்தான். இது பாவமும் இல்லை, கெட்ட எண்ணத்தின் அடையாளமும் இல்லை. தூக்கத்தில் ஆரோக்கியமான எந்த ஆணுக்கும் நடப்பதுதான். தையல் இழுத்து வலிக்கும்போது எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, அறையிலேயே கொஞ்சம் நடந்தால் தணிந்துவிடும். ஒருக்களித்துப் படுங்கள். தூங்கப்போகும் முன் அதிகம் தண்ணீர் குடிக்காமல், பகலிலேயே குடித்துக்கொள்ளுங்கள். தையலில் ஓர் இடம் லேசாக விட்டுக்கொண்டால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வாய் திறந்தாற்போல் விரிந்தால் காட்ட வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பது தனிக் கதை. முட்டை சீழ் வைக்கும், மீன் அரிக்கும், கத்தரிக்காய் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நெய்யும் ஹல்வாவுமாகக் கொடுப்பார்கள். சர்க்கரைக்காரருக்கும் அதே ஹல்வா! ஒத்துக்கொள்ளாத உணவு இருந்தால் அதை விடுங்கள். மற்றபடி முட்டை, மீன், பருப்பு எல்லாம் சதை கூடி வர உதவுபவை. மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் கொடுங்கள். முக்கினால் காயத்தில் வலி தெறிக்கும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் மூன்று நான்கு நாளில் பலர் போகிறார்கள். மூட்டை தூக்குபவர், நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர், தறியில் நிற்பவர் டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம்வரை ஓய்வெடுக்க வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரருக்கு அது பெரிய நஷ்டம். அந்த நாட்களின் வீட்டுச் செலவுக்கு நம் ஸதகா நிதியிலிருந்து கொடுக்கிறோம். கேட்கச் சங்கடப்பட வேண்டாம், நாங்களே கேட்டுவிடுகிறோம்.

அடுத்து ஆறு வாரம். மேலே பார்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே பலம் வந்திருக்காது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்கு நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புக்காகப் பெரிய ஆண்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அங்கே முஸ்லிமல்லாத ஆண்கள் கோடிக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்கள். வயது வந்தவர்களின் சுன்னத்தைப் பற்றி உலகத்துக்கு இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த மக்களிடமிருந்து வந்ததுதான். அதற்கு முன் தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஆய்வு நடத்தியபோது, குறிப்பிடும்படியான சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. முறையாகச் செய்தால் இது பயப்பட வேண்டிய சிகிச்சை இல்லை என்பதற்காகச் சொல்கிறோம். அங்கெல்லாம் சொல்லி அனுப்புகிற கெடு, ஆறு வாரம் மனைவியிடம் சேரக் கூடாது என்பது. அதற்கு முன் சேர்ந்தால் காயம் பிளக்கும், நோய் தொற்றும். மனைவிமார்களுக்கும் இது தெரிந்திருந்தால் கணவருக்கு எளிது. நிக்காஹ் பேசுகிற பெரியவர்களுக்கு எங்கள் வேண்டுகோள், பத்து நாள் கணக்கை இனி யாரும் போடாதீர்கள். மண்டபம் கிடைக்கவில்லை, மாமா சவூதிக்குத் திரும்புகிறார் என்று அவசரம் சொல்வீர்கள். அப்படியானால் நிக்காஹை முதலில் முடித்துவிட்டு, சுன்னத்தைப் பிறகு வசதியான நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்போம். நிக்காஹ் செல்லுபடியாக சுன்னத் ஒரு ஷரத்து இல்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பள்ளிவாசலிலேயே நடந்தது. 58 வயதில் இஸ்லாத்துக்கு வந்த ஒரு பெரியவர். இதய நோயாளி. இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸஃப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ஒருவர் நகர்ந்து நின்றார். பிறகு அவர் காதுபடவே, இப்ராஹீம் நபி (அலை) 80 வயதில் செய்துகொண்டார்களே, இவருக்கு என்ன என்று ஒருவர் சொன்னார். இப்ராஹீம் நபி 80 வயதில் செய்துகொண்டதாக புகாரியில் வருவது உண்மை. அதைச் சொல்லி ஒரு நோயாளியைக் குத்துவதற்காகவா அது வந்தது? ஹனஃபி மத்ஹபில் சுன்னத் வலியுறுத்தப்பட்ட சுன்னா, ஷாஃபி மத்ஹபில் வாஜிப். வாஜிப் என்று சொல்கிற இமாம்களும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று அஞ்சினால் அந்தப் பயம் நீங்கும்வரை தள்ளிவைக்கத்தான் சொல்கிறார்கள். கலிமா சொன்ன நிமிடத்திலிருந்து அவர் முஸ்லிம். அவர் தொழுகை தொழுகைதான். அடுத்த ஜும்ஆவில் ஹஜ்ரத் இதை மிம்பரில் விளக்கிச் சொன்னார்கள். அன்றைக்கு நகர்ந்து நின்றவரே தொழுகை முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் போய் முஸாஃபஹா செய்தார். அவரும் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், அதனால் மேலே சொல்லவில்லை.

சென்ற ஆண்டுக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்லி முடிக்கிறோம். குளிப்பின் சட்டம் போட்ட அந்தச் சிறு புத்தகத்தை மறுபடி அச்சிட்டுவிட்டோம். காயம்பட்டவரின் குளிப்பு என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம். வீட்டில் பழைய பிரதி இருந்தால் கொடுத்துவிட்டுப் புதிதை வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் அவர் வயதை ஒத்தவர், ஒருவர் மூத்தவர். முதல் ஏழு நாள் காலையும் மாலையும் நேரில் போய்ப் பார்ப்பார்கள். போனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். அலுவலக அலமாரியில் ஆறு பைகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கட்டுத் துணி, பஞ்சு, ஒட்டும் பட்டை, காய்ச்சல் பார்க்கும் கருவி, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள்.

இன்னும் இரண்டு தேவைகள் இருக்கின்றன. தனியாக வாடகை அறையில் இருக்கும் சகோதரர்களை முதல் ஒரு வாரம் தங்கவைக்க, மாடி ஏறாத, குளியலறை சேர்ந்த ஓர் அறை வேண்டும். கீழ்த்தளத்தில் சும்மா பூட்டிக் கிடக்கும் அறை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வெள்ளையடித்து, படுக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். இரண்டாவது, இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் வண்டி எடுக்கச் சம்மதிக்கும் ஆட்டோ ஓட்டுநர்கள். இப்போது ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் அடுத்த மாதம் மகள் பிரசவம். வாசலில் மேஜை மேல் நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். பெண்கள் பக்கத்திலும் ஒரு நோட்டு இருக்கிறது.